சந்திப்பில் பூட்டு உண்டா?

அரக்கோணம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? கிழக்கே சென்னை, மேற்கே காட்பாடி வழியாக ஜோலார்பேட்டை, வடக்கே திருத்தணி வழியாக ரேணிகுண்டா, தெற்கே காஞ்சிபுரம் வழியாகச் செங்கற்பட்டு என நான்கு திசைகளிலிருந்தும் வரும் இருப்புப் பாதைகள் அங்கே ஒன்று கூடுகின்றன. தென்னிந்தியாவின் முதல் ரயில், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு 1856 ஜூலை 1ஆம் நாள் சென்றபோது இந்த வழியாகத்தான் சென்றது. அதே 1856இல் இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் ஒரு காப்புரிமை பெற்றார். பாதையைத் திருப்பும் பாயிண்டும், ரயிலுக்கு வழிவிடும் சிக்னலும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்க முடியாதபடி இரும்பாலேயே பூட்டிவிடும் அமைப்பு அது. ரயில்வேக்காரர்கள் இதை இன்டர்லாக்கிங் என்பார்கள்.

கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்துவிட்டு ரயிலைப் பற்றி ஏன் பேசுகிறேன் என்று கேட்பீர்கள். செயற்கை நுண்ணறிவு நிரல்கள் வெளியுலகக் கருவிகளோடு பேசுவதற்கென்று 2024 நவம்பரில் ஒரு நெறிமுறை வெளியாயிற்று. எம்.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால்' அது. வெளியிட்டது அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் நிறுவனம். 2025 டிசம்பரில் அதன் பொறுப்பு லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் அமைந்த ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குள் நம் நாட்டு நிறுவனங்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டன. தமிழ்நாட்டின் சோஹோ 2025 ஜூலையில் தன் சொந்த எம்.சி.பி. சர்வரை அறிவித்தது. பெங்களூரின் ஜெரோதா பங்குவணிக நிறுவனமும் அதே ஆண்டில் ஒன்றை வெளியிட்டது. இந்த நெறிமுறை நூலைப் படித்தபோது எனக்கு அரக்கோணம் சந்திப்பே நினைவில் வந்து நின்றது. ஏன் என்று சொல்கிறேன்.

பேசத் தெரியும், கை கிடையாது

முதலில் ஒரு உண்மையை மனத்தில் வையுங்கள். உங்களோடு உரையாடும் செயற்கை நுண்ணறிவு மாடலுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. அது செய்வதெல்லாம் எழுத்தை வாங்கி எழுத்தைத் திருப்பித் தருவதுதான். "ஆடிக் கிருத்திகைக்குக் குடும்பத்தோடு அரக்கோணத்திலிருந்து திருத்தணிக்குப் போக வேண்டும். எந்த ரயில் வசதி? என் கணக்குக் கோப்பைப் பார்த்துச் செலவையும் சொல்" என்று நீங்கள் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரயில் நேரமும் மாடலுக்குத் தெரியாது. உங்கள் கணக்குக் கோப்பையும் அதனால் திறக்க முடியாது. "இன்ன கருவியை இன்ன விவரங்களோடு இயக்குங்கள்" என்று ஒரு சீட்டு எழுதித் தர மட்டுமே அதனால் முடியும்.

அந்தச் சீட்டை வாங்கி உரிய இடத்தில் சேர்ப்பது கிளையண்ட். சீட்டைப் படித்து வேலையைச் செய்து விடையை அனுப்புவது சர்வர். (சர்வர் என்றதும் ஓட்டலில் தோசை கொண்டு வருபவர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. ஏறத்தாழ அதே வேலைதான்.) கிளையண்டுகளை எல்லாம் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, மாடலோடும் உங்களோடும் பேசுகிற தலைமை நிரல் ஒன்றும் உண்டு. ஒரு சர்வருக்கு ஒரு கிளையண்ட் என்பது கணக்கு. அரக்கோணத்திலிருந்து புறப்படும் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே தொலைபேசியும் மணிக்கருவியும் இருப்பதைப் போல.

இனி சர்வர் எங்கே இருக்கிறது என்ற கேள்வி. இரண்டு இடங்களில் இருக்கலாம். உங்கள் கணக்குக் கோப்பைத் திறக்கும் சர்வர் உங்கள் கணிப்பொறியிலேயே இயங்கும் சிறு நிரல். ரயில் நேரம் சொல்லும் சர்வர் எங்கோ தொலைவில் ஒரு நிறுவனத்தின் கட்டடத்தில் இருக்கும்.

உள்ளூர்ச் சர்வரைக் கிளையண்டே தட்டி எழுப்புகிறது. பிறகு அதன் உள்ளீட்டு வாயில் எழுத்தை ஊட்டி, வெளியீட்டு வாயிலிருந்து விடையைப் பெறுகிறது. ஒரு செய்திக்கு ஒரு வரி. வரி முடிந்தால் செய்தி முடிந்தது. இந்த வெளியீட்டு வாயில் நெறிமுறைச் செய்தியைத் தவிர வேறு ஒரு சொல்லும் வரக்கூடாது என்பது கண்டிப்பான விதி. நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் சோதனைக்காக "இங்கே வந்துவிட்டேன்" என்று ஒரு வரி அச்சிடும் வழக்கம் உண்டல்லவா? அதை இங்கே செய்தால் பேச்சு குழம்பிப்போகும். புலம்ப வேண்டுமானால் அதற்கென்று தனியே இருக்கும் பிழை வாயில் புலம்பிக்கொள்ளலாம்.

தொலைவுச் சர்வரோடு பேச இணையத்தின் வழக்கமான எச்.டி.டி.பி. முறையே பயன்படுகிறது. தொடக்கத்தில் இதற்கு இரண்டு முகவரிகள் தேவைப்பட்டன: அனுப்ப ஒன்று, கேட்டுக்கொண்டிருக்க ஒன்று. அது தொல்லை என்று கண்டு 2025 மார்ச் 26ஆம் தேதித் திருத்தத்தில் ஒரே முகவரியாகச் சுருக்கினார்கள். விடை சிறியதென்றால் உடனே வரும். நீண்ட வேலை என்றால் அதே இணைப்பில் துண்டு துண்டாக ஓடி வந்துகொண்டிருக்கும்.

இந்த நெறிமுறையில் நான் மனமாரப் பாராட்டுவது ஒன்று. கம்பி எதுவானாலும் பேச்சு ஒன்றே. கோப்பு திறக்கும் உள்ளூர்ச் சர்வருக்கும் கடல் கடந்த சர்வருக்கும் 'ஜேசன்-ஆர்.பி.சி. 2.0' என்னும் ஒரே வடிவத்தில்தான் செய்தி போகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண் உண்டு. விடை அதே எண்ணைச் சுமந்து திரும்பும். பத்துக் கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி, விடைகள் முன்பின்னாக வந்தாலும் குழப்பம் இல்லை. முதலில் இரு தரப்பும் தம் பதிப்பையும் திறமைகளையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்கின்றன. அடுத்து, "உன்னிடம் என்னென்ன கருவிகள் உண்டு?" என்று கிளையண்ட் கேட்கிறது. சர்வர் பட்டியலைத் தருகிறது: கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், எந்த விவரங்கள் கொடுத்தால் இயங்கும் என்ற அட்டவணை. அதன் பிறகுதான் கருவியை இயக்கும் கட்டளை. ரயில் நிலையங்களுக்கிடையே மணியோசைக் குறிகள் அடுத்த ஊர் பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் மாறாதிருப்பது போன்ற எளிமை இது. பத்து நிரல்களைப் பத்துக் கருவிகளோடு இணைக்க நூறு இணைப்புகள் எழுத வேண்டியிருந்த இடத்தில், இருபது எழுதினால் போதும். இந்தச் சிக்கனத்துக்காகத்தான் போட்டி நிறுவனங்கள்கூட ஓராண்டுக்குள் இதை ஏற்றன.

குறை இல்லாமல் இல்லை. பல செய்திகளை ஒரே கட்டாக அனுப்பும் வசதியை 2025 மார்ச்சில் சேர்த்தார்கள். ஜூன் 18ஆம் தேதித் திருத்தத்தில் நீக்கிவிட்டார்கள். மூன்று மாதத்திற்குள் போட்ட தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்த கதை. ஆனால் இது சிறு விஷயம். வளரும் நெறிமுறையில் இப்படி நடப்பது இயல்பே. என் குறை வேறு இடத்தில்.

டோக்கன் கதை

ஒற்றை ரயில் பாதைகளில் டோக்கன் என்று ஒன்று உண்டு. இரண்டு நிலையங்களிலும் இருக்கும் கருவிகள் மின்கம்பியால் இணைந்திருக்கும். ஒரு நிலையத்தில் டோக்கனை வெளியே எடுத்துவிட்டால், அது திரும்ப உள்ளே போகும்வரை வேறு டோக்கனை இரண்டு முனைகளிலும் எடுக்க முடியாது. டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தமாட்டார். ஒரு பகுதியின் டோக்கன் அடுத்த பகுதிக்குச் செல்லாது.

தொலைவுச் சர்வர்களுக்கான அனுமதி முறையிலும் டோக்கன் என்ற அதே சொல்தான் வழங்குகிறது. நீங்கள் அந்த நிறுவனத்தின் பக்கத்தில் கையொப்பமிட்டு நுழைந்தால், கிளையண்டுக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். உங்கள் கடவுச்சொல்லை அது பார்ப்பதே இல்லை. 2025 ஜூன் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது: ஒரு சர்வருக்கென்று பெற்ற டோக்கன் அதற்கு மட்டுமே செல்லும், வாங்கிய சர்வர் அதை அப்படியே வேறோர் இடத்திற்குக் கைமாற்றக் கூடாது. நல்ல விதி. ரயில்வே புத்தகத்திலிருந்து எடுத்ததுபோலவே இருக்கிறது.

உள்ளூர்ச் சர்வருக்கோ இந்த டோக்கன் முறை கிடையாது. அது உங்கள் வீட்டுக்குள் இருப்பதால் உங்கள் உரிமைகளோடேயே இயங்குகிறது. நீங்கள் திறக்கக்கூடிய கோப்பு எல்லாவற்றையும் அதுவும் திறக்கலாம். நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு: தொலைவில் இருப்பது ஆபத்து, பக்கத்தில் இருப்பது பத்திரம். இந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதை 2025 செப்டம்பரில் வெளியான ஒரு செய்தி காட்டிற்று. மின்னஞ்சல் அனுப்பும் உள்ளூர்ச் சர்வர் ஒன்று. பெயர்பெற்ற ஒரு சேவையின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அந்தச் சேவையினர் எழுதியதல்ல. 15 பதிப்புகள் வரை ஒழுங்காக வேலை செய்தது. 16ஆம் திருத்தத்தில் ஒரே ஒரு வரி சேர்ந்தது. அன்று முதல், அது அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தின் நகலும் அதை எழுதியவரின் முகவரிக்கும் ரகசியமாகப் போயிற்று. நெறிமுறை எங்கும் மீறப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். கேள்விக்கு எண் இருந்தது, விடைக்கும் எண் இருந்தது. எல்லாச் செய்தியும் இலக்கணப்படி சுத்தம்.

ஜெரோதா இந்த வேறுபாட்டை நன்றாக உணர்ந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அவர்கள் தாமே நடத்தும் தொலைவுச் சர்வரில் உங்கள் பங்குகளைப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். பங்கு வாங்கவோ விற்கவோ ஆணையிடும் கருவிகளை அதிலிருந்து விலக்கிவைத்தார்கள். நிரலின் மூலத்தைப் பொதுவில் வைத்திருப்பதால், வேண்டியவர் தம் கணிப்பொறியில் தாமே நிறுவி ஆணையிடும் கருவிகளையும் திறந்துகொள்ளலாம். அதாவது, தொலைவில் இருப்பதில் லீவரையே கழற்றி வைத்துவிட்டார்கள். பக்கத்தில் இருப்பதில் எல்லா லீவரும் உண்டு, பொறுப்பும் உங்களுடையது. கழற்றிய லீவரை யாரும் தவறாக இழுக்க முடியாது. இது கரடுமுரடான வழிதான். ஆனாலும் நான் பார்த்தவற்றுள் நம்பத்தக்க வழி இதுவே.

எல்லாப் பாதையும் கூடும் இடம்

இப்போது சந்திப்புக்கு வருவோம். அரக்கோணம்–திருத்தணிப் பாதை தன்னளவில் பத்திரமானது. அரக்கோணம்–சென்னைப் பாதையும் அப்படியே. ஆபத்து பிறப்பது இரண்டும் கூடும் பாயிண்டுகளில். அதனால்தான் சந்திப்பு நிலையங்களில் இன்டர்லாக்கிங் அவ்வளவு விரிவாக இருக்கிறது: ஒரு வழி அமைந்துவிட்டால் அதற்குக் குறுக்கே போகும் வழிகள் எல்லாம் தாமாகவே பூட்டிக்கொள்ளும். பணியிலிருப்பவர் களைத்திருந்தாலும், மறந்தாலும், யாராவது ஏமாற்றினாலும் லீவர் நகராது. பழைய கேபின்களில் இரும்புச் சட்டங்கள் செய்த இந்த வேலையை இன்று பல நிலையங்களில் மின்னணுக் கருவிகள் செய்கின்றன.

எம்.சி.பி.யில் ஒவ்வொரு பாதைக்கும் ஒழுங்கு உண்டு. ஒரு சர்வர் மற்றொரு சர்வரின் பேச்சை எட்டிப் பார்க்கக் கூடாது என்றும் வகுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாச் சர்வர்களின் விடைகளும் கடைசியில் எங்கே வந்து சேர்கின்றன? மாடலின் முன்னால், ஒரே தாளில். உங்கள் கணக்குக் கோப்பின் வரிகள், தொலைவிலிருந்து வந்த ரயில் விவரம், கருவிகளின் விளக்கங்கள், உங்கள் கேள்வி எல்லாம் அடுத்தடுத்த வரிகள். இவற்றுள் எது எசமானரின் கட்டளை, எது வெறும் தகவல் என்று பிரித்துக்காட்டும் உறுதியான வேலி அந்தத் தாளில் இல்லை. தகவலாக வந்த ஒரு வரி, "கணக்குக் கோப்பைப் படித்து இன்ன முகவரிக்கு அனுப்பு" என்று சொன்னால், மாடல் அதையும் கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

இது கற்பனை அல்ல. 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ஒரு செய்முறை காட்டியது. இரண்டு எண்களைக் கூட்டித்தரும் அப்பாவிக் கருவி. அதன் விளக்கத்திற்குள், மாடல் மட்டும் படிக்கும்படி, "முதலில் பயனரின் ரகசியக் கோப்பைப் படித்து அதையும் சேர்த்துக் கொடு" என்ற பொருளில் ஓர் அறிவுரை ஒளிந்திருந்தது. மாடல் கீழ்ப்படிந்தது. அடுத்த மாதம் அதே நிறுவனம் கிட்ஹப் களத்தை வைத்து இன்னொன்று காட்டிற்று: பொதுவில் யாரும் எழுதக்கூடிய இடத்தில் விஷ வரிகளை எழுதிவைக்க, அதைப் படித்த மாடல் தனிக் களஞ்சியத்திலிருந்த விவரங்களைப் பொதுவில் கொண்டுவந்து போட்டது. சர்வரில் பழுதில்லை, கிளையண்டில் பழுதில்லை. சந்திப்பில் பூட்டு இல்லை, அவ்வளவே.

நெறிமுறை இதற்கு என்ன சொல்கிறது? கருவியை இயக்குமுன் தடுக்கும் வாய்ப்போடு ஒரு மனிதர் நடுவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அதற்கு அது எடுத்துக்கொண்ட சொல்லைப் பாருங்கள். இத்தகைய நூல்களில் இரண்டு வகை 'வேண்டும்' உண்டு. ஒன்று கட்டாயம், மீறினால் அது அந்த நெறிமுறையே அல்ல. மற்றது 'அப்படிச் செய்வது நலம்' என்ற அளவில் நிற்பது. ஒரு செய்திக்குள் வரி முறியக் கூடாது என்பது முதல் வகை. மனிதர் நடுவில் இருப்பது இரண்டாம் வகை! 2025 நவம்பர் திருத்தம் வரை இப்படித்தான். பாதுகாப்புக் கொள்கைகளை நெறிமுறையால் நேரடியாகக் கட்டாயப்படுத்த முடியாது, கட்டுபவர்கள்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நூலே ஒப்புக்கொள்கிறது. நேர்மையான ஒப்புதல்தான். ஆனாலும் காற்புள்ளிக்குக் காவலும் கஜானாவுக்கு வேண்டுகோளும் வைத்திருக்கிறார்களே என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மனிதர் நடுவில் இருந்தாலும்தான் என்ன? ஒரு வேலைக்கு முப்பது முறை "அனுமதிக்கலாமா?" என்று பெட்டி எழுந்தால், பத்தாவது முறைக்குப் பிறகு விரல் தானாகவே "ஆம்" என்று அழுத்திவிடும். லீவரைப் பூட்டுவதற்குப் பதிலாகக் கேபின்காரரிடம் முப்பது முறை "கவனமாக இருக்கிறீர்களா?" என்று கேட்பதற்கு இது சமம்.

பெயர்ப்பலகை பொய் சொன்னால்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எந்தக் கருவி படிக்க மட்டும் செய்யும், எது அழிக்கும், எது வெளியுலகத்தைத் தொடும் என்று குறிக்கச் சீட்டுகள் நெறிமுறையிலேயே இருக்கின்றனவே, அவற்றை வைத்துப் பூட்டலாமே என்பீர்கள். சீட்டை எழுதுவது யார்? சர்வரே. நம்பத்தக்க சர்வர் தந்தாலன்றி அவற்றை நம்பக் கூடாது என்று நூலும் எச்சரிக்கிறது.

சீட்டும் உண்மையும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை ரயில்வே மிகுந்த துயரத்தோடு கற்றது. 2023 ஜூன் 2ஆம் நாள் ஒடிசாவின் பஹாநகா பஜாரில், சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர்ப்பாதைக்கான பச்சை சிக்னல் கிடைத்தது. பாயிண்டோ சரக்கு வண்டி நின்ற கிளைப்பாதைக்குத் திரும்பியிருந்தது. 290க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். லெவல் கிராசிங் அருகே சிக்னல் சுற்றில் செய்யப்பட்ட மாற்றமும், பல காலம் கண்டுகொள்ளப்படாமல் கிடந்த தவறான கம்பிக் குறியீடும் காரணம் என்று பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. பூட்டு இருந்தது, பூட்டுக்குச் செய்தி சொன்ன கம்பியின் பெயர் தவறாக இருந்தது.

எம்.சி.பி.யில் கருவிப் பட்டியல் உரையாடலின் நடுவிலேயே மாறலாம். "என் பட்டியல் மாறிவிட்டது" என்று சர்வர் ஒரு தகவல் அனுப்பும். கிளையண்ட் புதிய பட்டியலை வாங்கிக்கொள்ளும். நேற்று நீங்கள் படித்து ஒப்புக்கொண்ட விளக்கம் வேறாகவும், இன்று மாடல் படிக்கும் விளக்கம் வேறாகவும் இருக்க முடியும். மாறிய பட்டியலை மீண்டும் உங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்கித் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரயில்வேயில் ஒரு கம்பியை மாற்றினாலும் முழுச் சோதனை முடியாமல் வண்டி விடக் கூடாது என்பது விதி. விதி மீறப்பட்டதால் நேர்ந்தது பஹாநகா. இங்கே மீறுவதற்கு விதியே இல்லை.

அப்படியானால் பூட்டு சாத்தியமா? ஓரளவு சாத்தியம். 2025இல் கூகுள் டீப்மைண்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 'காமெல்' என்ற பெயரில் ஒரு வழியை முன்வைத்தார்கள். பயனரின் கட்டளையிலிருந்து வேலைத் திட்டம் முதலிலேயே வகுக்கப்படுகிறது. பின்னால் வெளியிலிருந்து வரும் எழுத்து அந்தத் திட்டத்தை மாற்ற முடியாது. ஒவ்வொரு தகவலும் எங்கிருந்து வந்தது என்ற அடையாளம் கூடவே பயணம் செய்கிறது. ரகசிய இடத்திலிருந்து வந்தது வெளியே போகும் கருவிக்குள் நுழையப் பார்த்தால் வழி அடைபடும். இதற்கு விலை உண்டு. சில வேலைகள் நடக்காமல் நின்றுவிடும். இன்டர்லாக்கிங் வந்த பிறகும் வண்டிகள் சிக்னலில் காத்துக் கிடக்கத்தானே செய்கின்றன?

இந்த அடையாளத்தைச் சுமந்து செல்ல ஒரு கட்டாய இடம் நெறிமுறையிலேயே வேண்டும். அதை நிரப்பும் அதிகாரம் சர்வருக்கு அல்லாமல் பயனருக்கு வேண்டும். தலைமை நிரலை எழுதுபவர்கள் அவரவர் விருப்பப்படி செய்துகொள்ளட்டும் என்று விடுவது, ஒவ்வொரு சந்திப்பிலும் அங்குள்ள கேபின்காரர் தமக்குத் தோன்றிய பூட்டைப் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவதாகும்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் நிரலின் அமைப்புப் பக்கத்தில் இணைந்திருக்கும் சர்வர்களின் பட்டியலையும், ஒவ்வொரு கருவியின் விளக்கத்தையும் கடைசி எழுத்துவரை படியுங்கள். கூட்டல் செய்யும் கருவிக்கு இரண்டு பக்க விளக்கம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்புறம் அந்தத் திருத்தணிப் பயணத்தை இரண்டு தனி உரையாடல்களாகப் பிரியுங்கள்: ரயில் நேரம் கேட்கும்போது கணக்குக் கோப்பின் சர்வரை அணைத்துவையுங்கள், கணக்குப் பார்க்கும்போது வெளிச் சர்வர்களை எல்லாம் அணைத்துவிட்டு, ரயில் கட்டணத்தை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். கொஞ்சம் அலுப்பான வேலைதான். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.